யாரும் கொடுக்காத வக்காலத்து: ஒரு பட்டனுக்காகப் பன்னிரண்டு ஆண்டு நடந்த வழக்கு

2012 நவம்பர். ஜெர்மனியில் ஒருவர் ஃபேஸ்புக்கைத் திறக்கிறார். அதில் 'ஆப் சென்டர்' என்று ஒரு பகுதி இருக்கிறது. வெளி நிறுவனங்கள் உருவாக்கிய விளையாட்டுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் 'உடனே விளையாடு' என்று ஒரு பட்டன் வரும். அதன் கீழே சில வரிகள். இதைத் தட்டினால் உங்களைப் பற்றிய பொதுவான தகவல்கள், மின்னஞ்சல் முகவரி, உங்களைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருப்பது, நீங்கள் போட்ட நிலைத்தகவல்கள் எல்லாம் இந்தச் செயலிக்குப் போய்ச் சேரும். உங்கள் பெயரில் பதிவு போடவும் அதற்கு உரிமை உண்டு. உங்கள் புள்ளிகள் 'மற்றும் பல' அதில் அடக்கம். ஒரு விளையாட்டில் கடைசி வரி இன்னும் ஒரு படி மேலே போனது: நிலைத்தகவல், புகைப்படம் 'மற்றும் பல' உங்கள் பெயரில் போடலாம்.

அந்த 'மற்றும் பல' என்ற இரண்டு சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மின்னஞ்சல் முகவரி எதற்குப் போகிறது? விளையாட்டு நிறுவனம் அதை வைத்து என்ன செய்யும்? உங்கள் பெயரில் என்ன பதிவு வரும், யார் கண்ணில் படும்? எந்தக் கேள்விக்கும் அங்கே பதில் இல்லை. ஆனால் பட்டனைத் தட்டிய அந்த நொடியில் அவர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தவராகக் கணக்கு.

இந்தத் திரைக்கு எதிராக ஒரு வழக்கு போடப்பட்டது. தொடுத்தது எந்தப் பயனரும் இல்லை. ஜெர்மனியின் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு தொடுத்தது. பதினாறு மாநிலங்களின் நுகர்வோர் மையங்களும் வேறு பல சங்கங்களும் சேர்ந்த அமைப்பு அது, பெர்லினில் இயங்குகிறது. எந்தப் பயனரிடமும் அது கையெழுத்து வாங்கவில்லை. இன்னாருக்கு இன்ன பாதிப்பு என்று ஒருவரையும் கூண்டில் நிறுத்தவில்லை. இந்தத் திரை சட்டத்துக்குப் புறம்பானது, இதை நிறுத்துங்கள் என்று மட்டுமே கேட்டது.

நம் பேச்சுவழக்கில், கேட்காமலே ஒருவருக்காகப் பேசப் போகிறவரைப் பார்த்து "உன்னை யார் வக்காலத்து வாங்கச் சொன்னது?" என்று கேட்போம். வழக்கு கடைசி வரை அந்தக் கேள்வியைச் சுற்றியேதான் ஓடியது. திரை சரியா தவறா என்பதில் பெரிய குழப்பம் எதுவும் இருக்கவில்லை. பெர்லின் மாவட்ட நீதிமன்றம் 2014 அக்டோபர் 28 அன்று கூட்டமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது; 2017 செப்டம்பர் 22 அன்று பெர்லின் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நிறுவனம் கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அப்புறம்தான் வழக்கு சிக்கலானது.

பாதிக்கப்பட்டவரே ஏன் போகவில்லை?

சட்டப்படி அவர் போயிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்து யோசித்தால் புரியும். முதலில், தனக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தாலும் எந்த நிறுவனத்தின் மேல் புகார் கொடுப்பது? விளையாட்டை உருவாக்கியவர் மேலா, தளத்தை நடத்துபவர் மேலா? ஃபேஸ்புக்கின் ஐரோப்பியத் தலைமையகம் அயர்லாந்தில். அவர் இருப்பது ஜெர்மனியில். வக்கீலுக்கு முன்பணம் கட்ட வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழும். இவ்வளவுக்கும் ஜெயித்தால் என்ன கிடைக்கும்? தன் மின்னஞ்சல் முகவரி ஒரு விளையாட்டு நிறுவனத்திடம் போனதற்கு எவ்வளவு கேட்பது?

கணக்குப் போட்டுப் பார்க்கிற யாரும் இதற்கு மெனக்கெட மாட்டார்கள். கோடிக்கணக்கான பேரிடம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தால், எடுத்தவருக்கு அது பெரிய லாபம். இழந்தவர் ஒவ்வொருவருக்கும் கோர்ட் படி ஏறும் அளவுக்கு அது நஷ்டம் இல்லை. தரவுத் தனியுரிமையில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மாதிரிதான். உரிமை ஏட்டில் பத்திரமாக இருக்கும், எடுத்துப் பயன்படுத்த ஆள் இருக்காது.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த தனியுரிமைச் செயற்பாட்டாளர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் இதற்கு வேறொரு வழியை முயன்றார். உலகம் முழுவதிலும் இருந்து 25,000-க்கும் மேற்பட்டவர்கள் ஃபேஸ்புக்குக்கு எதிரான தங்கள் கோரிக்கைகளை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வியன்னாவில் அவர் வழக்கு போட்டார். தன்னுடையதோடு, ஆஸ்திரியா, ஜெர்மனி, இந்தியாவில் வசிக்கும் ஏழு பேரின் கோரிக்கைகளை அதில் முன்வைத்தார். 2018 ஜனவரி 25 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்ன பதில் இது: உங்கள் சொந்தக் கோரிக்கைக்காக உங்கள் ஊர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தலாம், மற்றவர்கள் மாற்றிக் கொடுத்ததற்காக அந்தச் சலுகையைப் பயன்படுத்த முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் விரும்பிக் கொடுத்த பிறகும் ஒரு தனி ஆள் அவர்களுக்காக நிற்க வழி கிடைக்கவில்லை.

எண்பதாவது பிரிவு

2018 மே 25 அன்று ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அதாவது எல்லோரும் ஜி.டி.பி.ஆர் என்று சொல்லும் சட்டம், நடைமுறைக்கு வந்தது. அதன் 80-ஆவது பிரிவில் இரண்டு உட்பிரிவுகள்.

முதலாவது, வக்காலத்து கொடுத்தால் நடப்பது. லாப நோக்கமில்லாத, பொது நலனுக்காக முறைப்படி அமைக்கப்பட்ட, தரவுப் பாதுகாப்பில் செயல்பட்டு வரும் ஓர் அமைப்பிடம் பாதிக்கப்பட்டவர் பொறுப்பை ஒப்படைக்கலாம். அந்த அமைப்பு அவருக்காகக் கண்காணிப்பு ஆணையத்திடம் புகார் கொடுக்கும், நீதிமன்றத்துக்கும் போகும். நாட்டின் சட்டம் இடம் கொடுத்தால் இழப்பீடும் கேட்கும். இரண்டாவது, வக்காலத்து இல்லாமல் நடப்பது. யாரும் கேட்காவிட்டாலும், தரவைக் கையாண்டதன் விளைவாக ஒருவரின் உரிமை மீறப்பட்டதாக அமைப்பு கருதினால், அதுவே புகார் கொடுக்கலாம், வழக்கு போடலாம். ஆனால் இழப்பீடு கேட்க முடியாது. அப்புறம், இந்த இரண்டாவது வழியைத் திறப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

முதல் வழி வேகமாகவே பலன் கொடுத்தது. சட்டம் வந்த அதே நாளில் ஷ்ரெம்ஸின் 'நாய்ப்' (noyb) என்ற தனியுரிமை அமைப்பும், மூன்று நாள் கழித்து பிரான்ஸின் 'லா குவாட்ராச்சூர் து நெட்' அமைப்பும் கூகுளுக்கு எதிராகப் புகார் கொடுத்தன. பிரெஞ்சு அமைப்பின் பின்னால் சுமார் 10,000 பேரின் கையெழுத்து இருந்தது. எட்டே மாதத்தில், 2019 ஜனவரி 21 அன்று, பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 5 கோடி யூரோ அபராதம் விதித்தது. தகவல் தெளிவாகச் சொல்லப்படவில்லை, விளம்பரங்களுக்காக வாங்கிய ஒப்புதல் செல்லாது என்பவை காரணங்கள். அடுத்த ஆண்டு ஜூனில் பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

சரி, கையெழுத்து வாங்கினால் வேலை நடக்கிறதே, எல்லோரிடமும் வாங்கிவிட்டால் போச்சு என்று தோன்றலாம். ஆனால் கையெழுத்துப் போட வருகிறவர், தனக்கு நடந்தது என்ன என்று ஏற்கெனவே தெரிந்தவர். தெரியாதவர் வருவதே இல்லை. ஜெர்மனியின் ஒரு துணிக்கடை இணையதளம் தன் பக்கத்தில் ஃபேஸ்புக்கின் 'லைக்' பட்டனை வைத்திருந்தது. பட்டனைத் தொடவே வேண்டாம்; பக்கத்தைத் திறந்தாலே வந்தவரின் தகவல் ஃபேஸ்புக்குக்குப் போனது. ஃபேஸ்புக்கில் கணக்கே இல்லாதவர்களின் தகவலும்தான். அவர்களில் யார் எழுந்து வந்து எனக்காக வாதாடுங்கள் என்று கேட்டிருப்பார்? வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியாவின் நுகர்வோர் மையம் தானாகவே வழக்கு போட்டது. 2019 ஜூலை 29 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், இப்படி அமைப்புகள் வழக்கு தொடுக்கப் பழைய தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடையில்லை என்றது. ஆனால் அது பழைய சட்டம். புதிய சட்டத்தில் நிலைமை என்ன என்பது அப்போது தீராமலே இருந்தது.

கார்ல்ஸ்ரூஹேக்கும் லக்சம்பர்க்குக்கும் நடுவே

ஆப் சென்டர் வழக்கு மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். கூட்டமைப்பு வழக்கு போட்டபோது ஜி.டி.பி.ஆர் கிடையாது. உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது அது வந்துவிட்டது. ஒரு செயலை இனிமேல் செய்யக் கூடாது என்று தடை கேட்கும் வழக்கில், தொடுத்தவருக்கு அந்தத் தகுதி தீர்ப்பு நாள் வரை இருக்க வேண்டும். ஜெர்மனியில் போட்டிச் சட்டமும் நுகர்வோர் தடைவழக்குச் சட்டமும் இப்படி வழக்கு போடும் உரிமையை அமைப்புகளுக்கு முன்பே கொடுத்திருந்தன. ஆனால் அவை எண்பதாவது பிரிவுக்கென்று இயற்றப்பட்டவை அல்ல. புதிய ஐரோப்பியச் சட்டம் வந்ததும் அந்தப் பழைய உரிமை அடிபட்டுப் போனதா?

தவறு நடந்தது என்பதில் நீதிபதிகளுக்குச் சந்தேகம் இல்லை. சொல்ல வந்தவருக்குச் சொல்லும் உரிமை உண்டா என்பதுதான் சந்தேகம். 2020 மே 28 அன்று அவர்கள் வழக்கை நிறுத்திவைத்து, லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்திடம் கேட்டார்கள்.

பதில் 2022 ஏப்ரல் 28 அன்று வந்தது. நாட்டின் சட்டம் இடம் கொடுத்தால் அமைப்பு வழக்கு போடலாம். ஜெர்மனியின் பழைய சட்டங்களே அதற்குப் போதும். அதோடு நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. பாதிக்கப்பட்டவர் இன்னார் என்று அமைப்பு முன்கூட்டியே பெயர் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. இன்ன வகையினர், இன்ன குழுவினர் என்று சொன்னால் போதும். ஒருவருக்கு இன்ன தீங்கு நேர்ந்தது என்று நிரூபிக்கவும் வேண்டியதில்லை. அந்தக் கையாளல் மக்களின் உரிமையைப் பாதிக்கக் கூடியது என்று காட்டினால் போதும். வெள்ளம் வருமுன் அணை போடுகிற மாதிரி, தீங்கைத் தடுக்கும் வேலையும் இப்படிப்பட்ட வழக்கிற்கு உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இதோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. 2022 நவம்பர் 10 அன்று கார்ல்ஸ்ரூஹே மறுபடி வழக்கை நிறுத்தியது. இந்த முறை சிக்கியது ஒரே ஒரு சொற்றொடர்: "கையாண்டதன் விளைவாக". ஃபேஸ்புக் மீதான குறை, தகவல் சரியாகச் சொல்லவில்லை என்பது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது தரவைக் கையாளுவது ஆகுமா? கையாளத் தொடங்கும் முன்பே நடந்த தவறுதானே அது? அப்படியானால் அமைப்பு வழக்கு போட முடியாதே!

இந்த வாதத்தை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை ஏற்றால் நடப்பது என்ன? தகவல் மறைக்கப்பட்ட ஒருவருக்கு, தன்னிடம் மறைத்தார்கள் என்பதே தெரியாது. வேறு எந்த மீறலையும் விட இதில்தான் பாதிக்கப்பட்டவர் தானாக வந்து புகார் கொடுக்க மாட்டார். அவருக்காக இன்னொருவர் பேச வேண்டிய தேவை மிக அதிகமாக இருக்கும் இடத்திலேயே கதவைச் சாத்தியிருப்பார்கள்.

2024 ஜூலை 11 அன்று லக்சம்பர்க் அந்தக் கதவைத் திறந்தே வைத்தது. எதற்காக எடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைத் தரவை வாங்கும் நேரத்துக்குள் எளிய, புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அது தெரியாமல் கொடுத்த ஒப்புதல் விவரம் அறிந்து கொடுத்த ஒப்புதல் ஆகாது. ஒப்புதல் இல்லையென்றால் அதன்மேல் நடக்கும் கையாளலே ஆட்டம் காணும். ஆகவே தகவல் தராத குற்றமும் "கையாண்டதன் விளைவாக" என்பதற்குள் வரும் என்றது நீதிமன்றம்.

2025 மார்ச் 27. கார்ல்ஸ்ரூஹே, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நுகர்வோர் கூட்டமைப்புக்கு வழக்கு போடத் தகுதி உண்டு. பட்டனுக்குக் கீழே இருந்த வரிகள் முக்கியமான தகவலைப் பயனரிடம் மறைத்தன. புகைப்படம் 'மற்றும் பல' உங்கள் பெயரில் போடலாம் என்ற வரி, பயனருக்கு நியாயமற்ற பாதகம் செய்யும் ஒப்பந்த நிபந்தனை, அது செல்லாது. பணத்துக்குப் பதில் தரவைக் கொடுத்துச் சேவை வாங்கும் இணைய வியாபாரத்தில், என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து முடிவெடுக்க இந்தத் தகவல் அடிப்படையானது என்பதை நீதிபதிகள் அழுத்திச் சொன்னார்கள். பெர்லின் நீதிமன்றம் முதலில் தீர்ப்பு சொல்லிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம்

அதே கேள்விக்கு பிரிட்டன் வேறு பதில் எழுதியது. 2011 ஆகஸ்ட் முதல் 2012 பிப்ரவரி வரை, ஐஃபோனின் சஃபாரி உலாவியில் இருந்த தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் கூகுள் தங்களைப் பின்தொடர்ந்தது என்று சுமார் 40 லட்சம் பேர் சார்பில் ரிச்சர்ட் லாயிட் வழக்கு போட்டார். இவர் 'விச்?' நுகர்வோர் அமைப்பின் முன்னாள் தலைவர். ஆளுக்கு 750 பவுண்டு என்று வைத்தால் மொத்தம் 300 கோடி பவுண்டு. 2021 நவம்பர் 10 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. பழைய 1998 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒவ்வொருவருக்கும் என்ன நஷ்டம், என்ன மனவேதனை என்று தனித்தனியாகக் காட்டாமல் எல்லோருக்கும் ஒரே தொகை கேட்க முடியாது என்றது. நாற்பது லட்சம் பேரிடம் தனித்தனியாகச் சாட்சியம் வாங்குவது நடக்கிற காரியமா?

அதே ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டன் அரசும் ஒரு முடிவெடுத்திருந்தது. வக்காலத்து இல்லாமல் அமைப்புகள் புகாரையும் வழக்கையும் நடத்தும் இரண்டாவது வழியைத் திறக்கலாமா என்று மக்களிடம் கருத்து கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொன்னது. புதிய சட்டம் போடும் அளவுக்கு வலுவான காரணம் இல்லை, நிறுவனங்களுக்கு வழக்குச் சுமை கூடும் என்பது அதன் நிலைப்பாடு. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மட்டுமே அமைப்பு வரலாம் என்ற முதல் வழி அங்கே தொடர்கிறது.

பிரிட்டன் அரசின் கவலையை அப்படியே ஒதுக்கிவிட மாட்டேன். தேர்ந்தெடுக்கப்படாத ஓர் அமைப்பு, கேட்காதவர்களுக்காகப் பேசுவது யோசிக்க வேண்டிய விஷயம்தான். லாயிட் வழக்குக்குப் பணம் போட்டது வழக்குகளில் முதலீடு செய்து லாபத்தில் பங்கு எடுக்கும் ஒரு நிறுவனம். அந்த மாதிரி ஆட்கள் தனியுரிமையின் பெயரில் கடை விரித்தால் பாதிக்கப்பட்டவர் கைக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் எண்பதாவது பிரிவின் இரண்டாவது வழியில் காசே இல்லையே! நிறுத்து என்று மட்டும்தான் கேட்க முடியும். லாபம் தேடி வருகிறவருக்கு அங்கே எடுக்க ஒன்றும் கிடையாது. ஜெர்மனியில் இப்படி வழக்கு போடத் தகுதியுள்ள அமைப்புகளின் பட்டியலில் ஓர் அமைப்பு இடம்பெற, உறுப்பினராகக் குறைந்தது மூன்று சங்கங்கள் அல்லது 75 தனிநபர்கள் இருக்க வேண்டும். நேற்று முளைத்த அமைப்பு இன்று வழக்கு போட முடியாது.

எனக்கு உறுத்துவது வேறு. ஆப் சென்டர் வழக்கில் கூட்டமைப்பு ஜெயித்தது. ஆனால் 2012-ல் பட்டனைத் தட்டியவருக்கு என்ன திரும்பக் கிடைத்தது? போன மின்னஞ்சல் முகவரி போனதுதான். பன்னிரண்டு ஆண்டில் பெரும்பகுதியை யார் பேசலாம் என்ற கேள்வியே தின்றது. அரசு நிதியில் இயங்கும் பெரிய கூட்டமைப்பால் அவ்வளவு காலம் தாக்குப் பிடிக்க முடிந்தது. நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன அமைப்பு பாதியில் கைவிட்டிருக்கும். அந்தக் கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டதால், அடுத்து வருகிறவர்களுக்கு அந்த ஆண்டுகள் மிச்சம்.

ஹாம்பர்க்

இழப்பீட்டுக்கு ஐரோப்பா தனியாக ஒரு வழி போட்டிருக்கிறது. 2020-ல் வந்த பிரதிநிதித்துவ வழக்குகளுக்கான நெறிமுறைச் சட்டம் 2023 ஜூன் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. தகுதி பெற்ற அமைப்புகள் நுகர்வோர் கூட்டத்துக்காக இழப்பீடும் கேட்கலாம், ஜி.டி.பி.ஆர் மீறல்களும் அதில் அடக்கம். 2024 டிசம்பரில் 'நாய்ப்' அமைப்புக்கு அயர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் இந்தத் தகுதி கிடைத்தது.

அதே மாதம் ஜெர்மன் கூட்டமைப்பு ஹாம்பர்க் உயர் நீதிமன்றத்தில் மெட்டாவுக்கு எதிராக அடுத்த வழக்கைத் தாக்கல் செய்தது. அது ஒரு தரவுக் கசிவு பற்றியது: 2021 ஏப்ரலில் இணையத்தில் கொட்டப்பட்ட சுமார் 53 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்களில் ஜெர்மனியைச் சேர்ந்தவர்கள் மட்டும் 60 லட்சம் பேர். ஒரு மாதத்துக்கு முன், 2024 நவம்பர் 18 அன்று, இதே கசிவு குறித்த ஒரு தனிநபர் வழக்கில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொல்லியிருந்தது. தன் தரவின் மேல் இருந்த பிடி கைநழுவிப் போவதே ஒரு பாதிப்பு. அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த வழக்கின் சூழலில் சுமார் 100 யூரோ பொருத்தமாக இருக்கலாம் என்று ஒரு கணக்கும் காட்டியது.

நூறு யூரோவுக்காக வக்கீல் வைத்து யாரும் வழக்கு நடத்த மாட்டார்கள். ஹாம்பர்க் வழக்கில் சேர வக்கீலே வேண்டாம். பாதிக்கப்பட்டவர் அரசின் பதிவேட்டில் தன் பெயரைச் சேர்த்தால் போதும், அதற்குக் கட்டணமும் இல்லை.